மீன்தொட்டியை எடுத்துவிட வேண்டுமா?
கெளுத்தி வளர்க்கும் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

எங்கள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக் காத்திருப்புக் கூடத்தில் மூன்றடி நீள மீன்தொட்டி ஒன்று இருப்பதை வாசகர்கள் பலர் அறிவர். அதன் நடுநீரில் நீலமும் சிவப்பும் மின்னும் நியான் டெட்ராக்கள் திரிகின்றன. அடியில், வெண்மணலில் மீசையைப் புதைத்துக் கிளறியபடி எட்டுச் சிறு கெளுத்திகள் ஓயாது உலவுகின்றன. டயாலிசிஸ் முறைக்காகக் காத்திருப்போர் பெரும்பாலும் அடியிலுள்ள கெளுத்திகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பர். எட்டில் ஒன்று கண்ணில் படாவிட்டால் செவிலியரை அழைத்து விசாரிப்போரும் உண்டு.

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பவிருந்த பெரியவர் ஒருவர், மாத்திரைகளின் வேளை, உப்பின் அளவு, முகக்கவசம் ஆகியவற்றையெல்லாம் கேட்டு முடித்த பின், எழுந்து போகாமல் தயங்கி நின்றார். "வீட்டில் பதினோரு வருடமாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன் அம்மா. அடியில் ஏழு கெளுத்தி. அதைக் கொடுத்துவிட வேண்டுமா?" என்று எங்கள் செவிலியரிடம் வினவினார். அருகிலிருந்த மகள், "வாங்கிக்கொள்ள ஆளே பார்த்துவிட்டோம். அப்பாதான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்" என்றார்.

இக்கேள்வி எங்களுக்குப் புதிதன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர், நீரிழிவு உள்ளோர், ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோர் எனப் பலரும் இதைக் கேட்கின்றனர். கேளாமலேயே அஞ்சித் தொட்டியை அகற்றிவிடுவோரும், கேளாமலேயே பழையபடி கையை விட்டுக் கழுவுவோரும் இருக்கின்றனர். ஆகவே, வீட்டுத் தொட்டியில் வெப்பமண்டலக் கெளுத்திகளை எவ்வாறு பேணுவது, நோயாளி உள்ள வீட்டில் எவற்றைக் கடைப்பிடிப்பது என்பதை இவ்விதழில் தொகுத்துக் கூறுகிறோம்.

எந்தக் கெளுத்தி, எவ்வளவு வளரும்?

கெளுத்தி இனம் மிகப் பெரியது. உலகில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் ஆறு குளங்களில் வாழும் கெளுத்தியும் வாளையும் தேளியும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. இவற்றுக்கு மற்ற மீன்களைப் போன்ற செதில்கள் இல்லை. வாயைச் சுற்றி மீசை உண்டு. கலங்கிய நீரிலும் இருளிலும் இரையைத் தொட்டும் சுவைத்தும் அறிவது அம்மீசையே.

வீட்டுத் தொட்டிக்கு மிகவும் ஏற்றவை தென்னமெரிக்காவைச் சேர்ந்த கோரிடோராஸ் வகைகள். பெரும்பாலானவை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரையே வளரும். உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாக அமைந்து கவசம்போல் காக்கின்றன. அவ்வப்போது அம்பெனப் பாய்ந்து நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி மீண்டும் அடிக்குச் செல்லும். விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடலின் பின்பகுதி உறிஞ்சிக்கொள்கிறது. எப்போதாவது இவ்வாறு செய்வது இயல்பு. எல்லாமே அடுத்தடுத்து மேலே ஓடினால் நீர் கெட்டுவிட்டது என்று பொருள். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். இவற்றுள் பலேயாட்டஸ் என்னும் வகையைப் பீகிள் கப்பல் பயணத்தின்போது சார்லஸ் டார்வின் சேகரித்தார். அதற்கு 1842ஆம் ஆண்டு அறிவியல் பெயர் இடப்பட்டது. இன்று கடைகளில் எளிதில் கிடைக்கும் கெளுத்திகளுள் அதுவும் ஒன்று.

கண்ணாடிக் கெளுத்தி தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. உடல் ஊடுருவித் தெரியும், முள்ளெலும்பையும் எண்ணிவிடலாம். அது கூட்டமாக நடுநீரில் மிதக்கும். ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப்படுகையில் வாழும் ஒருவகைக் கெளுத்தி தலைகீழாக நீந்தும். பாசியைச் சுரண்டித் தின்ன விரும்புவோர்க்கு ஓட்டோசிங்களஸ், புஷி என்று கடைக்காரர்கள் அழைக்கும் ஆன்சிஸ்ட்ரஸ் ஆகியவை ஏற்றவை. ஆன்சிஸ்ட்ரஸ் பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

எச்சரிக்கையுடன் சொல்ல வேண்டியவை இரண்டு. 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் விரலளவில் விற்கப்படும் மீன் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. தொட்டியைத் தூய்மைப்படுத்தும் என்று நம்பி வாங்குகிறோம். உண்மையில் அது வெளியேற்றும் கழிவே மிகுதி. அழகிய குட்டியாக விற்கப்படும் சிவப்புவால் கெளுத்தி ஒரு மீட்டரையும் தாண்டும். அதை எந்த வீட்டுத் தொட்டியும் தாங்காது.

நீரே முதல் மருந்து

மீன் வளர்ப்பில் நீரைப் பேணுவதே தலையாயது. இதில் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கும் மீன்தொட்டிக்கும் ஓர் உறவு உண்டு. குழாய்நீரிலுள்ள குளோரினும் குளோரமினும் டயாலிசிஸ் வழியாக இரத்தத்தில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் சிதையும். ஆதலால் கரி வடிப்பான்கள் வழியே அவற்றை முற்றிலும் நீக்கிய பின்னரே நீரைப் பயன்படுத்துகிறோம். மீனின் செவுளிலும் இரத்தம் நீருக்கு மிக அருகில், மெல்லிய தோலுக்கு அப்பால்தான் ஓடுகிறது. குளோரின் அச்செவுளைப் புண்ணாக்குகிறது. குழாய்நீரைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமின் அவ்வாறு வெளியேறாது. அதற்குக் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன. வடிப்பானிலும் மணலிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடிய நஞ்சு; நைட்ரேட் ஓரளவு தாங்கத்தக்கது. நைட்ரைட் மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க இயலாததாக்குகிறது. இரத்தம் பழுப்பு நிறமடைகிறது. நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. நைட்ரேட் மிகுந்த கிணற்றுநீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதும் இதே மாற்றத்தால்தான்.

மேற்சொன்ன நுண்ணுயிரிகள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவதே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். முதலில் தொட்டியை நிரப்பி, வடிப்பானை இயக்கி, சிறிதளவு உணவை இட்டுக் காத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைத் திரவம் காட்டிய பின் சில மீன்களை மட்டும் விடுங்கள். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். வடிப்பானிலுள்ள பஞ்சைக் குழாய்நீரில் கழுவாதீர்கள். குளோரின் அந்நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழியுங்கள்.

தரை, கூட்டம், உணவு, வெப்பம்

கோரிடோராஸுக்கு மென்மையான மணல் இன்றியமையாதது. கூரிய சல்லிகளில் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து புண்ணாகும். மீசை இழந்த மீன் உணவைத் தேட இயலாமல் மெலியும். இரண்டடித் தொட்டியில் ஒரே வகையைச் சேர்ந்த ஆறு மீன்களாவது இருக்க வேண்டும். தனித்து விடப்பட்ட கோரிடோராஸ் ஒளிந்தே கிடக்கும். ஒளிந்துகொள்ளச் சிறு மண்சட்டி, மரத்துண்டு, சில செடிகள் வையுங்கள். ஆன்சிஸ்ட்ரஸுக்கு நீரில் ஊறிய மரத்துண்டு கட்டாயம் வேண்டும்.

அடியில் வாழும் மீன் மற்றவற்றின் மிச்சத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது தவறான எண்ணம். மேல்நீர் மீன்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. விளக்கை அணைத்தபின் மூழ்கும் வில்லை உணவைச் சிறிதளவு இடுங்கள். ஆன்சிஸ்ட்ரஸுக்கு வெள்ளரித் துண்டையோ இலேசாக வெந்த பூசணியையோ கொடுத்து, மறுநாட்காலை எஞ்சியதை அகற்றிவிடுங்கள்.

பெரும்பாலான கோரிடோராஸ் வகைகளுக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸ் ஏற்றது. நம் சமவெளி ஊர்களில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில்தான் அது தேவை. இங்கே சித்திரை, வைகாசியே சோதனைக் காலம். நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மூடிக்குப் பதில் வலை இட்டு, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றுப் படச் செய்யுங்கள். காற்றுக்குழாயை இரவும் பகலும் இயக்குங்கள். வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஸ்டெர்பாய் என்னும் வகையைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது.

மீனுக்கு நோய் வந்தால் பொத்தாம்பொதுவாக மருந்தையும் உப்பையும் கொட்டாதீர்கள். செதிலற்ற கெளுத்திகள் செம்பு கலந்த மருந்துகளையும் உப்பையும் எளிதில் தாங்குவதில்லை. புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். நோயாளிகளுக்குத் தனி அறை ஒதுக்குவதற்கு நாங்கள் சொல்லும் காரணம் இங்கும் பொருந்தும்.

ஆறாத முடிச்சு

இனி மனித நலத்துக்கு வருவோம். எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வந்த இளைஞர் ஒருவரின் வலக்கை ஆட்காட்டி விரலில் வலியற்ற செந்நிற முடிச்சு ஒன்று இருந்தது. அது பிளந்து, ஆறாமல், பின் மணிக்கட்டிலும் முன்கையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சுகள் தோன்றின. பல மாதங்களாக அவர் வெவ்வேறு இடங்களில் களிம்பும் மாத்திரையும் பெற்றிருந்தார். எங்களிடம் வந்த முதல் இரு முறையும் நாங்களும் அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினோம். மூன்றாம் முறை, "வீட்டில் மீன்தொட்டி உண்டா?" என்று கேட்டோம். வாரந்தோறும் வெறுங்கையால் தொட்டியைக் கழுவுபவர் அவர். மணலுக்கடியில் கிடந்த கல் ஒன்று விரலைக் கீறியது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்பது காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் இறந்த மீன்களில் இது முதன்முதலில் இனங்காணப்பட்டது. தொட்டிநீரிலும் மீன்களிலும் வாழும் இக்கிருமி, தோலிலுள்ள கீறல் வழியாக உட்புகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலரிடம் பல மாதங்கள் கழித்தும், முடிச்சு தோன்றும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை. சரியான மருந்துகளைச் சில மாதங்கள் உட்கொண்டால் குணமாகும்.

நீங்கள் மருத்துவரிடம் மீன்தொட்டியைக் குறிப்பிடுவது ஏன் அவ்வளவு முக்கியம்? இக்கிருமி 30 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்கு வளரும். ஆய்வகங்களில் வழக்கமாகத் திசுவை வளர்ப்பது உடல்வெப்பமான 37 பாகையில். முன்கூட்டித் தெரிவித்தால் மட்டுமே ஆய்வகம் குறைந்த வெப்பத்தில் வளர்த்துப் பார்க்கும். இல்லையேல் முடிவு 'கிருமி இல்லை' என்றே வரக்கூடும். கையில் ஆறாத புண் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முள் குத்தினால்

கெளுத்திகளின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கூரிய முள் உண்டு. அஞ்சும்போது அதை விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கிய மீனை விடுவிக்க முயலும்போதுதான் பெரும்பாலும் குத்து விழுகிறது. ஆதலின் கெளுத்தியை வலையால் பிடிக்காமல் குவளையால் மொண்டு எடுங்கள். தொட்டிக் கெளுத்திகளின் குத்து பெரும்பாலும் சிறிது நேர எரிச்சலோடு நின்றுவிடும். நம் நாட்டுத் தேளியின் குத்தோ கடுமையானது.

குத்திய இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவிய பின், பொறுக்கத்தக்க சூடான நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தினால் வலி தணியும். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய கைகால் என்றால் சூட்டைப் பிறர் சோதித்த பின்னரே அமிழ்த்த வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, வீக்கமும் காய்ச்சலும் கண்டாலோ, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தாலோ தாமதியாமல் வாருங்கள்.

நோயாளி உள்ள வீட்டில்

உறுப்பு மாற்று செய்துகொண்டோர், கீமோதெரபி பெறுவோர், ஸ்டீராய்டு முதலிய எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் தொட்டிக்குள் கைவிடலாகாது. நீர் மாற்றுவது, மணல் கழுவுவது, இறந்த மீனை எடுப்பது ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ள வேறொருவர் செய்ய வேண்டும். இத்தகையோரிடம் மேற்சொன்ன கிருமி தோலோடு நில்லாமல் மூட்டுக்கும் எலும்புக்கும் பரவக்கூடும். அவர்கள் தொட்டியைப் பார்க்கலாம். உலர் உணவைத் தொடாமல் கரண்டியால் இடலாம். பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். வேறு ஆளே இல்லாத வீட்டில் முழங்கை வரை நீளும் கையுறை கட்டாயம். நீரிழிவு உள்ளோரும், டயாலிசிஸ் பெறுவோரும், கையில் புண்ணுள்ளோரும் இதையே கடைப்பிடிப்பது நன்று.

யாராயினும் நீரை வெளியேற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். இப்பழக்கம் நம் ஊர்களில் பரவலாக உள்ளது. தொட்டிநீரில் சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகள் இருக்கலாம். குழாய் முழுவதையும் நீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே இறக்கினால் நீர் தானே ஒழுகும். கழிவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் செடிகளுக்கு விடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட்டி கழுவும் வேலையில் சேர்க்காதீர்கள். தொட்டியை நோயாளியின் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

ஆஸ்துமா உள்ள வீடுகளில் உலர்ந்த சிவப்புப் புழு உணவைத் தவிருங்கள்; அதன் தூள் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டும். சாக்கடை கலந்த சேற்றில் வளரும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுக்களையும் நோயாளி உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது. கையை நீரில் விடுமுன் மின்னிணைப்புகள் அனைத்தையும் அணையுங்கள். மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்துங்கள்.

ஏன் கைவிட வேண்டாம் என்கிறோம்

இத்தனை எச்சரிக்கைக்குப் பின், தொட்டியே வேண்டாம் என்று சிலர் நினைக்கலாம். அவ்வாறு நாங்கள் கருதவில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் முதியோர் உணவருந்தும் கூடத்தில் மீன்தொட்டி வைக்கப்பட்ட பின் அவர்கள் உண்ணும் அளவு கூடியது; எடையும் சற்று ஏறியது. டெக்சாஸில் முதல்வகை நீரிழிவு உள்ள 28 வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மீனுக்கு உணவிடும் வேளையோடு இரத்தச் சர்க்கரை பார்ப்பதையும் இணைத்தனர். மூன்று மாதங்களில் மீன் வளர்த்தோரின் எச்.பி.ஏ.1.சி அளவு 0.5 குறைந்தது, வளர்க்காதோருக்கு 0.8 கூடியது. சிறிய ஆய்வுகளே இவை. ஆயினும், தன்னை நம்பி ஓர் உயிர் காத்திருக்கிறது என்ற எண்ணம் வேளை தவறாமையைக் கற்பிக்கிறது என்பதை எங்கள் பிரிவுகளிலும் காண்கிறோம்.

பேண இயலாத நிலை உண்மையாகவே வந்தால், மீனைக் கடையிலோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படையுங்கள். ஏரியிலும் குளத்திலும் விடாதீர்கள். அவ்வாறு விடப்பட்ட சக்கர் கெளுத்திகள் தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைத் துளைத்தும் வலைகளைக் கிழித்தும் மீனவர்களின் வருவாயைக் குலைக்கின்றன.

அந்தப் பெரியவருக்கு நாங்கள் கூறிய விடை எளியது: தொட்டி இருக்கட்டும், உங்கள் கை மட்டும் வெளியே இருக்கட்டும். அவர் மகள் சிறிது நேரம் பேசவில்லை. பின், "தண்ணீர் எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாதே அப்பா" என்றார். "நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்" என்றார் அவர்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது, மருந்துக் குறிப்பேட்டோடு இன்னொரு குறிப்பேட்டையும் மகள் கொண்டுவந்திருந்தார். நீர் மாற்றிய நாள், அளவு, வெப்பம், உணவு என நான்கு கட்டங்கள் அதில் இருந்தன. ஏழு கெளுத்திகளும் நலம். பெரியவரின் கிரியேட்டினின் அளவும் நிலையாக இருந்தது. தொட்டியின் அருகில் அமர்ந்துதான் அவர் காலை மாத்திரைகளை உட்கொள்கிறாராம். விளக்கை அணைத்து வில்லை உணவு இடும் வேளையே இரவு மாத்திரைக்கு உரிய வேளை என்றும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால், அடுத்த முறை வரும்போது எங்களிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் மருந்துப் பட்டியலோடு அதையும் குறித்துக்கொள்கிறோம்.